தாலுகா ஆபீஸ் பெஞ்சில் காத்திருந்த நாள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

முல்லைக்கொடி:

அப்பா தவறி ஏழு மாதம் ஆகிறது. அவர் பேங்கில் போட்டு வைத்த டெபாசிட்டை எடுக்க வாரிசு சான்றிதழ் கேட்டார்கள். இ-சேவையில் 60 ரூபாய் கட்டிப் பதிந்தது, வி.ஏ.ஓ. லாகினில் இருபது நாள் கிடந்தது, ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) லாகினில் ஒரு மாதத்துக்கு மேல் நின்றது, இதெல்லாம் இங்கே எல்லோரும் பார்த்ததுதான். எனக்கு மனசை விட்டுப் போகாதது ஒரே ஒரு நாள்.

கடைசியாக தாசில்தார் லாகினுக்குப் போய்விட்டது, வாரிசுகள் எல்லோரும் அசலோடு நேரில் வர வேண்டும் என்று போன் வந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு காலை ஒன்பதே முக்காலுக்கே போய்விட்டேன். ஜீப் இல்லை. "ஐயா வெளியே போயிருக்கார், வந்திருவார்" என்றார் வாசலில் இருந்தவர். எப்போது வருவார் என்றால் அவருக்கும் தெரியவில்லை.

வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்ச். அம்மா மடியில் மஞ்சப்பை. அதில் அப்பாவின் இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, எங்கள் எல்லோருடைய ஆதார். கேட்டுக்கு வெளியே ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் போதும், அம்மா எழுந்துவிடுவார். முந்தானையை இழுத்துச் சரிசெய்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேராக நிற்பார். தண்ணி லாரி வந்தது, எழுந்தார். கொரியர் பையன் வந்தான், எழுந்தார். முழங்கால் தேய்ந்தவர் அம்மா. ஒவ்வொரு முறையும் என் தோளை அழுத்திப் பிடித்துத்தான் எழ முடியும். "அது அவர் வண்டி இல்லைம்மா, உட்காரு" என்றால், "நாம உட்கார்ந்திருக்கறப்போ அவர் வந்துட்டா மரியாதையா இருக்காதுடி" என்பார். பதினோரு முறை எழுந்தார். என் தோள் எண்ணிக்கொண்டே இருந்தது.

மாலை நாலே முக்காலுக்குச் சொன்னார்கள்: "ஐயாவுக்கு இன்னிக்குக் கலெக்டர் ஆபீஸ்ல மீட்டிங். நாளைக்கு வாங்க."

மீட்டிங் முந்தின நாளே முடிவானது என்று பிறகு தெரிந்தது. இந்த ஒரு வரியைக் காலையிலேயே சொல்லியிருந்தால் அம்மா வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார். தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எவ்வளவு நேரம் என்று சொல்லாமல் உட்கார வைப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆற்றங்கரை:

எங்கள் பாட்டிக்கு ரேஷன் கடையில் நடந்தது. கைரேகை மிஷின் வந்த புதிது, கருவிழி பார்க்கும் மிஷின் எல்லாம் அப்போது கிடையாது. ஐம்பது வருஷம் கயிறு திரித்த கை அது. கட்டைவிரலில் ரேகையே இல்லை, வழவழவென்று இருக்கும். நாலு விரல் வைத்துப் பார்த்தார்கள், எதுவும் ஏறவில்லை. "கையைக் கழுவிட்டு வா ஆயா" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

பாட்டி குழாயடிக்குப் போய் வெறுமனே கழுவவில்லை. கீழே கிடந்த செங்கல் துண்டை எடுத்துக் கட்டைவிரலைத் தேய்த்திருக்கிறார். ரேகை அழுக்குக்குள்ளே இருக்கிறது, தேய்த்தால் வெளியே வரும் என்று நினைத்திருக்கிறார். நான் காலேஜ் முடிந்து அந்த வழியாக வரும்போது விரல் செக்கச் சிவந்து, திரும்பவும் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார். அரிசி அன்றைக்குக் கிடைக்கவில்லை.

முல்லைக்கொடி, உங்கள் அம்மா எழுந்து நின்றதைப் படித்ததும் அந்த விரல்தான் ஞாபகம் வந்தது.

பொறுப்பு கிராமம்:

நான் ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், அதாவது வி.ஏ.ஓ. இரண்டு பேர் எழுதியதையும் படித்தேன், வருத்தமாக இருக்கிறது. ஆனால் வி.ஏ.ஓ. லாகினில் இருபது நாள் கிடந்தது என்று ஒரு வரியில் கடந்து போவதை மட்டும் ஏற்க முடியவில்லை.

என் சர்வீஸில் பாதிக்கு மேல் சொந்த கிராமத்தோடு இன்னொரு கிராமத்தையும் பொறுப்பாகப் பார்த்தேன். அடங்கல் என்ற பயிர்க் கணக்கு எழுத வேண்டும், வெள்ளம் வந்தால் பயிர்ச்சேதம் கணக்கெடுக்க வேண்டும், தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல், வருஷாந்தர கணக்குத் தணிக்கையான ஜமாபந்தி வந்தால் அத்தனை கணக்கும் தயாராக வேண்டும். இதற்கு நடுவில்தான் சாதி, வருமானம், வாரிசு எல்லாம்.

வாரிசு மட்டும் அவசரப்படக்கூடாத வேலை. ஏன் என்று சொல்கிறேன். ஒரு முறை அவசரப்பட்டேன். இளவயதில் இறந்துபோன ஒருவர். மனைவியும் மச்சானும் தினமும் என் வீட்டு வாசலில் நின்றார்கள், பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும் என்று. பாவமாக இருந்தது. தெருவில் ரெண்டு பேரிடம் கேட்டேன், இறந்தவருடைய பெற்றோர் காலமாகிவிட்டார்கள் என்று சொன்னார்கள், அப்படியே அறிக்கை எழுதினேன். சான்றிதழும் வந்துவிட்டது.

மூன்று மாதம் கழித்து ஒரு வயசான அம்மா ஆபீஸ் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். வெளியூரில் மகள் வீட்டில் இருந்தவர். கையில் அந்தச் சான்றிதழின் ஜெராக்ஸ். "ஏய்யா, நான் செத்துட்டேன்னு எழுதினது நீதானா?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன் செத்தால் மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு. பணம் அதற்குள் பிரிந்துபோயிருந்தது. என்னால் அவருக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை, ஒரு டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டதைத் தவிர.

அதற்கப்புறம் எந்த வாரிசு மனுவையும் நேரில் போய் விசாரிக்காமல் நான் அனுப்பியதில்லை. அதற்கு நாளாகும். மக்கள் திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன்.

மனு எண்:

பொறுப்பு கிராமம் ஐயாவுக்கு வணக்கம். உங்களைப் போல ஒருவர் விசாரித்தால் இருபது நாள் என்ன, நாற்பது நாள் காத்திருக்கலாம். எங்களுக்கு வாய்த்தது அப்படி இல்லை. பட்டா மாறுதலுக்குப் போட்டேன், நிலத்தை அளந்து பிரிக்க வேண்டிய உட்பிரிவு உள்ள இனம், 30 நாளில் முடிய வேண்டியது. ஒன்பது மாதம் ஆனது. சர்வேயர் வருகிறார் என்று மூன்று முறை லீவு போட்டு வயலில் நின்றேன். மூன்றாவது முறை உச்சிவெயிலில் பக்கத்து வயல்காரர் தன் தூக்குச்சட்டிக் கஞ்சியில் பாதியை எனக்கு ஊற்றினார். சர்வேயர் வரவில்லை.

சரி, முல்லைக்கொடி, இப்படிச் செய்யுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் தாலுகா ஆபீஸின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். வெள்ளைத்தாள் போதும். மேலே பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள், கோர்ட் வாசலில் வெண்டரிடம் கிடைக்கும். "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள். ஏன், எதற்கு என்ற கேள்விக்கெல்லாம் பதில் தர வேண்டியதில்லை என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தில் இருப்பதைக் கேளுங்கள். என் மனு இந்த எண், இந்தத் தேதியில் பெறப்பட்டது, அது எந்த எந்த அலுவலரிடம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது, ஒவ்வொருவரும் எழுதிய குறிப்பின் நகல் வேண்டும், என் மனுவுக்குப் பின்னால் வந்து முன்னால் முடிக்கப்பட்ட வாரிசு மனுக்கள் எத்தனை, இவ்வளவுதான். ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள், அட்டையைப் பத்திரமாக வையுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் பிரிவு 19(1)-இல் முதல் மேல்முறையீடு. அதற்கும் பதில் இல்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இதோடு முதல்வர் உதவி மையத்தின் 1100-க்கும் போன் செய்து பதிந்து வையுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் ஒரு மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். மூன்று பக்கமும் ஒரே நேரத்தில் போக வேண்டும். எந்த மனு கொடுத்தாலும் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், தேதி சீல் தெரிகிற மாதிரி. சீல் இல்லாமல் எதையும் கொடுத்துவிட்டு வராதீர்கள். என் பட்டா கடைசியில் நகர்ந்தது, அந்தத் தேதிவாரிக் கேள்வி போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரத்தில்.

செம்பருத்தி:

மனு எண் சார், நீங்கள் சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் அதைச் செய்ய எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், லீவு கிடைக்க வேண்டும், பயம் இருக்கக்கூடாது. அந்த ஆபீஸுக்கே நாளைக்கும் போய் நிற்க வேண்டியவர்கள் எப்படிப் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி அவர்கள் மேலேயே கேள்வி கேட்பார்கள்? முல்லைக்கொடியின் அம்மா வண்டிச் சத்தத்துக்கே எழுந்து நின்றவர்.

என் அக்காவுக்கு ஆதரவற்ற விதவை உதவித்தொகை கேட்டு எழுதிப்போட்டோம். அப்போது மாதம் 1,000 ரூபாய், 2023-இல்தான் 1,200 ஆனது. உதவித்தொகைகளைப் பார்க்கும் எஸ்.எஸ்.எஸ். (சமூகப் பாதுகாப்புத் திட்ட) தாசில்தார் ஆபீஸில் எல்லா பேப்பரும் சரியாக இருக்கிறது என்றார்கள். ஆனால் "வேகன்சி இல்லம்மா. ஏற்கெனவே வாங்கறவங்க யாராவது தவறினாத்தான் அடுத்த ஆளுக்குப் போட முடியும்" என்றார் அங்கே இருந்த அம்மா. நல்ல மாதிரிதான் சொன்னார், உள்ளதைச் சொன்னார்.

பதினாலு மாதம் காத்திருந்தோம். ஒருநாள் சாயங்காலம் அக்கா வீட்டுத் திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். கீழத்தெருவில் பறைச் சத்தம் கேட்டது. அக்கா கை நின்றுவிட்டது. யார் என்று எட்டிப் பார்த்தவள், "காசியம்மா கிழவியா இருக்குமோ, அது பென்ஷன் வாங்குதுல்ல" என்றாள். சொன்ன அடுத்த நொடியே கீரையைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கிழவிதான் எங்கள் இரண்டு பேரையும் இடுப்பில் தூக்கி வளர்த்தது. அன்றைக்கு இறந்தது வேறு யாரோ. ஆனாலும் அக்கா ராத்திரி சாப்பிடவில்லை. "என்னை இப்படி நினைக்க வச்சுட்டாங்களேடி" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பொறுப்பு கிராமம் ஐயா, உங்கள் கஷ்டம் உண்மை. ஆனால் நீங்கள் சொன்ன கதையிலும் கடைசியில் திண்ணையில் வந்து உட்கார்ந்தது ஒரு வயசான அம்மாதானே.

பொறுப்பு கிராமம்:

ஆமாம் அம்மா. மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆற்றங்கரை அவர்களுக்கு ஒரு தகவல். பாட்டியால் கடைக்குப் போக முடியவில்லை, ரேகை விழவில்லை என்றால் அவருக்குப் பதிலாக வேறொருவர் பொருள் வாங்க அங்கீகாரச் சான்று தருவார்கள். கடையிலேயே படிவம் கேளுங்கள். விரலைத் தேய்க்க விடாதீர்கள்.

ஆற்றங்கரை:

நன்றி ஐயா. பாட்டி போன ஐப்பசியில் இறந்துவிட்டார். படிவம் பற்றி அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

முல்லைக்கொடி:

எல்லோருக்கும் நன்றி. விஷயம் என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்கு: சான்றிதழ் வந்துவிட்டது. மறுநாள் போனபோது தாசில்தார் இருந்தார், அசலைப் பார்த்தார், அம்மாவை உட்காரச் சொன்னார், அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார். நல்ல மனிதர், அதையும் சொல்ல வேண்டும். அவருக்கு முதல் நாள் நாங்கள் வந்து உட்கார்ந்திருந்ததே தெரியாது. யாரும் சொல்லவில்லை.

பேங்கில் கொடுத்தபோதுதான் தெரிந்தது, அம்மா பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. "பாக்கியலட்சுமி" என்பதில் "மி" இல்லை. ஆதாரோடு ஒத்துவரவில்லை என்று திருப்பிவிட்டார்கள். திரும்பவும் இ-சேவை, திரும்பவும் முதல் லாகினிலிருந்து.

மனு எண் சார், நீங்கள் சொன்ன மாதிரி தேதி சீலோடு போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா வேண்டாம், நான் மட்டும் போகிறேன் என்றேன். கேட்கவில்லை. மஞ்சப்பையை இன்றைக்கே எடுத்து வைத்துவிட்டார். இந்த முறை ஒரு மடக்கு ஸ்டூல் வாங்கியிருக்கிறேன், கொஞ்சம் உயரமானது. அந்த பெஞ்ச் ரொம்பத் தாழ்வு, எழுந்திருக்கத்தான் அவருக்கு அவ்வளவு சிரமம்.