70 மீட்டரும் ஒரு ஜாடி மண்ணும்

அளவுகோல்: ‘வாட்டர்வேர்ல்டு படத்தை இந்தி டப்பிங்கில் பார்த்தால்தான் ருசி’ என்று நாக்பூர்வாசி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. எந்த மொழியில் பேசினாலும், பனி உருகி உலகமே கடலில் மூழ்கிவிட்டதாகச் சொல்லும் அந்த ஹாலிவுட் படத்தின் அடித்தளமே ஓட்டை. அன்டார்க்டிகா, கிரீன்லாந்து பனி மொத்தமும் உருகினாலும் கடல் ஏறப்போவது சுமார் 70 மீட்டர். படத்தில் மிஞ்சுவதோ 8,849 மீட்டர் எவரெஸ்டின் உச்சி. மீதித் தண்ணீரை யார் ஊற்றினார்கள்?

நாக்பூர்வாசி: ஐயா, நான் நீர்மட்டம் பற்றி எழுதவே இல்லை. ஒரு ஞாயிறு மதியம் எங்கள் மெஸ் தொலைக்காட்சியில் ஓடியது. நாயகன் கெவின் காஸ்ட்னர் ஜாடியில் கொண்டுவந்த மண்ணை நிறுக்கிறார்கள். மூன்று கிலோ சொச்சம் வெறும் மண். மிதக்கும் ஊரே அதைப் பொன்னாகப் பார்க்கிறது. எங்கள் சமையற்காரர் இடுக்கியும் கையுமாக வாசலில் நின்றுவிட்டார். உள்ளே ரொட்டி கருகியது. அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது.

அளவுகோல்: ரொட்டி கிடக்கட்டும். நாக்பூர் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உலகப் பனி முழுக்க உருகினாலும் உங்கள் மெஸ் வாசற்படி நனையாது. 70 மீட்டர்!

உப்புக்காற்று: எவரெஸ்ட் என்று படத்தில் எங்கே வருகிறது? நானும் பார்த்திருக்கிறேன்.

அளவுகோல்: நீளமான பதிப்பில் டென்சிங், ஹிலாரி பெயர் பொறித்த பலகை வருகிறது. அரைகுறையாகப் பார்த்துவிட்டு வாதாட வருவது உங்களுக்குப் புதிதல்லவே.

உப்புக்காற்று: போன மாதம் ஒரு படத்தின் ஆண்டைத் தப்பாகச் சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் திருத்திய மகான் யார்?

பழைய டிக்கெட்: ஓடாத படத்துக்கு இத்தனை சண்டையா? 1995இல் சுமார் 17.5 கோடி டாலர் செலவு. அதுவரை எந்தப் படத்துக்கும் அவ்வளவு கொட்டியதில்லை.

நாக்பூர்வாசி: உலகம் முழுவதும் 26 கோடி டாலருக்கு மேல் வசூல்.

பழைய டிக்கெட்: அதில் திரையரங்குக்காரர்கள் பங்கை உங்கள் சமையற்காரரா கொடுப்பார்?

நாக்பூர்வாசி: அவரை இழுக்காதீர்கள். முதல் காட்சியைச் சொல்கிறேன். நாயகன் சிறுநீரைக் கருவியில் வடிகட்டிக் குடிக்கிறான். கொப்பளித்ததை எலுமிச்சைச் செடிக்குத் துப்புகிறான். பேச்சே இல்லை. அந்த உலகம் அதிலேயே புரிந்துவிடுகிறது.

அளவுகோல்: பேச்சே தேவையில்லை என்றால் டப்பிங்குக்கு என்ன வேலை? உங்கள் காலை நீங்களே வாரிக்கொள்கிறீர்கள். எதற்கும் மறுபடி சொல்கிறேன்: 70 மீட்டர்.

நாக்பூர்வாசி: வில்லனுக்குத் தேவை. டென்னிஸ் ஹாப்பரின் கூச்சல் இந்தியில் ராம்லீலா ராவணன் மாதிரி கணீரென்று இறங்குகிறது. ஆங்கிலத்தில் எனக்கு அது வெறும் இரைச்சல்.

பழைய டிக்கெட்: அந்த நடிப்புக்கு மோசமான துணை நடிகர் என்று ராஸி என்னும் கேலி விருதே கொடுத்தார்கள்!

நாக்பூர்வாசி: ஆங்கிலத்தில் பார்த்தவர்கள் கொடுத்தது.

உப்புக்காற்று: ஒரு செய்தி. வில்லன் கூட்டத்தின் கப்பல் எக்ஸான் வால்டெஸ், 1989இல் அலாஸ்காவில் எண்ணெய் கொட்டியதே, அதுதான். நிஜக் கப்பல் 2012இல் உடைக்கப்படுவதற்காகக் குஜராத்தின் அலங் கரைக்குத்தான் வந்து சேர்ந்தது. இந்தத் தொடர்பை யாரும் சொல்லவில்லை.

பழைய டிக்கெட்: கேட்டவர் யார்?

அளவுகோல்: அலங் கடலோரம். அது 70 மீட்டரில் மூழ்கும். நாக்பூர் மூழ்காது. இதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

நாக்பூர்வாசி: மண் காட்சியைப் பார்த்தீர்களா இல்லையா? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.