பவர் ஆம்ப்ளிஃபயருக்குத் தமிழ்: செவ்வாய்க்கிழமைக்குள் வேண்டும்

செ., கோவை

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டு ஸ்டீரியோ கருவிகள் விற்கும் நண்பர் ஒருவருக்காக 16 பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஸ்பீக்கரை ஓட்டும் உயர் ரக பவர் ஆம்ப்ளிஃபயரை என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பது பொருள். செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போகிறது. நான் இன்னும் முதல் பக்கத்தில் நிற்கிறேன்.

ஆம்ப்ளிஃபயருக்கு "ஒலிபெருக்கி" என்று போட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் அதை ஸ்பீக்கர் என்றே படித்தார். "ஒலிபெருக்கியை ஒலிபெருக்கியுடன் இணைக்கும் முன்" என்று ஒரு வாக்கியம் வந்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மிகைப்பி, பெருக்கி இரண்டும் புழங்குகின்றன. பவருக்குத் திறன், வலு, ஆற்றல் என்று மூன்று. ஆற்றலை எனர்ஜிக்குக் கொடுத்தாயிற்று. மீதியில் எது?

ந., தஞ்சாவூர்

அன்புள்ள செ. அம்மையாருக்கு,

மிகைப்பியை முதலில் தள்ளுங்கள். நன்னூலார் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்லும்போது குன்றக் கூறலுக்கு அடுத்தபடி வைப்பது மிகைபடக் கூறல். உள்ளதை உள்ளபடி பெரிதாக்க வேண்டிய கருவிக்குக் குற்றத்தின் பெயரை வைக்கலாமா? "மிகைநாடி மிக்க கொளல்" என்று குறளில் வருவதைக் காட்டி யாராவது மறுப்பீர்கள். அங்கே மிகை என்பது குணம், குற்றம் இரண்டில் எது கூடுதலோ அது. வேறு பொருள்.

பெருக்கி சரி. பெருகு தன்வினை, பெருக்கு பிறவினை, இகர விகுதி. ஆனால் "திறன் பெருக்கி" என்று பிரித்து எழுதுவதை ஏற்க மாட்டேன். பொன் + குடம் பொற்குடம் ஆவது போல இதுவும் திறற்பெருக்கிதான். திறன் என்பதே திறம் என்பதன் கடைப்போலி. மகரத்தை வைத்துப் புணர்த்தினால் திறப்பெருக்கி. அது திறப்பைப் பெருக்குவதாகிவிடும், எனவே வேண்டாம்.

பவருக்குப் பழஞ்சொல் வலி. "வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்" என்ற குறளைவிட ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறவருக்கு வேறு கையேடு எதற்கு? அறையின் அளவு வினைவலி. ஆம்ப்ளிஃபயரின் வாட் தன்வலி. ஸ்பீக்கர் துணைவலி. மாற்றான் யார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ம., சென்னை

> பவருக்குப் பழஞ்சொல் வலி

சார், "வலிப்பெருக்கி" என்று பெட்டி மேல் எழுதினால் மருந்துக்கடைக்காரர்கூட வாங்க மாட்டார்.

மாற்றான் பக்கத்து வீட்டுக்காரர்.

ரிச்சி தெருவில் 22 வருஷமாக ஆம்ப் ரிப்பேர் பார்க்கிறேன். "திறற்பெருக்கி ரிப்பேர்" என்று இதுவரை ஒருத்தர் வந்ததில்லை. பவர் ஆம்ப், ப்ரீ ஆம்ப், அவ்வளவுதான். ஊர்ப்பக்கம் மைக் செட்காரர்கள் வெறும் ஆம்ப்ளி என்பார்கள். இன்னொன்று, பெருக்கி என்றால் என் வீட்டம்மாவுக்குத் துடைப்பம்தான் ஞாபகம் வரும். பெருக்குமாறு என்று தானே சொல்கிறோம்?

கு., யாழ்ப்பாணம்

வணக்கம். இந்த விவாதம் எங்கள் பக்கத்தில் எப்போதோ முடிந்துவிட்டது. உயர்தரப் பௌதிகவியல் படித்த எந்தப் பிள்ளையும் ஆம்ப்ளிஃபயரை விரியலாக்கி என்றுதான் சொல்லும். பவர் என்பது வலு. ஆகவே வலு விரியலாக்கி. திறன் என்று எழுதினால் எங்களுக்கு வினைத்திறன் (எஃபிஷியன்சி) பக்கம்தான் மனம் போகும், அது வேறு கணியம். கையேட்டில் இரண்டுமே வருமல்லவா? ஒரு சொல்லை இரண்டு வேலைக்கு அனுப்பாதீர்கள்.

இ., பெங்களூரு

பெயர் வைப்பதற்கு முன் இந்தக் கருவி என்ன செய்கிறது என்று ஒரு நிமிடம் பார்ப்போமா?

பவர் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் சிக்னலைத் தயார் செய்து தரும் ப்ரீ ஆம்ப்ளிஃபயரிலிருந்து 1 வோல்ட் வருகிறது என்று வையுங்கள். பவர் ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டு மின்தடை 47,000 ஓம். அங்கே உள்ளே போகும் பவர் ஒரு வாட்டில் 10 லட்சத்தில் 21 பங்கு. வெளியே 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் தர வேண்டுமானால் 28 வோல்ட் வேண்டும், 3.5 ஆம்பியர் ஓட வேண்டும். மின்னழுத்தம் 28 மடங்குதான் ஏறியது. பவரோ கிட்டத்தட்ட 47 லட்சம் மடங்கு. ஆக "திறனைப் பெருக்குவது" என்று இரண்டாம் வேற்றுமைத் தொகையாகக் கொண்டால் பெயர் பொருந்துகிறது.

ஆனால் அந்த 100 வாட் உள்ளே வந்த சிக்னல் வளர்ந்து ஆனதல்ல. சுவர் பிளக்கிலிருந்து வந்தது. சின்ன சிக்னல் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடுகிறது, அவ்வளவுதான். 1904-இல் ஃபிளெமிங் செய்த குழாயை பிரிட்டிஷார் வால்வு என்றார்கள், மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடுவதால். 1906-இல் டி ஃபாரஸ்ட் மூன்றாவதாக ஒரு மின்முனையைச் சேர்த்த பிறகுதான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கவும் மூடவும் முடிந்தது. மதகுப் பலகையைத் தூக்க ஒரு ஆள் போதும். பாய்வது ஏரித் தண்ணீர்.

அதனால்தான் நல்ல ஆம்ப்ளிஃபயரில் டிரான்ஸ்ஃபார்மரும் கெபாசிட்டரும் இவ்வளவு பெரிதாக இருக்கின்றன. ஸ்பீக்கர் 4 ஓமாக இருந்தால் அதே 28 வோல்ட்டுக்கு 7 ஆம்பியர், 200 வாட். 8 ஓமில் 100 தந்தது 4 ஓமில் 200-ஐ நெருங்கினால் ஏரியில் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். 120-இலேயே நின்றுவிட்டால் யோசித்து வாங்க வேண்டும். கையேட்டில் இது கட்டாயம் இருக்கட்டும், பெயர் எதுவானாலும்.

ந., தஞ்சாவூர்

இ. அவர்கள் கண்ணைத் திறந்துவிட்டார். மதகு! நம்மிடம் மதகு, மடை, தூம்பு, குமிழி, கலிங்கு என்று நீரைத் திறக்கவும் கழிக்கவும் எத்தனை சொற்கள்! கலிங்கு உபரி நீர் வழிவது, அது கருவிக்குள் இருக்கும் ஃபியூசுக்குக்கூடப் பொருந்தலாம். பாண்டிநாட்டுக் குமிழித் தூம்பில் ஆள் முங்கித் திறந்தால் நீரும் சேறும் தனித்தனியே வெளியேறும். ஒலியும் இரைச்சலும் பிரிவதற்கு இதைவிட உவமை உண்டா? "மடைப்பொறி" என்பதை முன்மொழிகிறேன்.

ம., சென்னை

சார், அதை ரிப்பேர் பண்ணுகிறவனை என்னவென்று கூப்பிடுவார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஃபியூஸ் கலிங்கு மாதிரி வழிய விடாது. கரையே உடைந்த மாதிரி போய்விடும்.

செ., கோவை

ஐயா, மன்னிக்கவும், இன்று சனிக்கிழமை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கிளாஸ் ஏ, ஏபி, டி என்று மூன்று வகை வருகின்றன. அ வகை, ஆ வகை என்று தமிழ்ப்படுத்தினால் ஏபி "அஆ வகை" ஆகிவிடுகிறது. குழந்தைப் பாடம் மாதிரி இருக்கிறது. மூல ஆசிரியர் கிளாஸ் டி-யை டிஜிட்டல் என்று சொல்வது போலவும் தெரிகிறது. "ஹை எண்டு" என்பதை ஒருவர் "உயர்முனை" என்று எழுதச் சொன்னார், நான் "உயர் ரகம்" என்றே விட்டுவிட்டேன்.

இ., பெங்களூரு

உயர்முனை மின்கம்பத்தில் இருக்கும். ரகமே போதும்.

டி என்றால் டிஜிட்டல் இல்லை, சி-க்கு அடுத்த எழுத்து, அவ்வளவுதான். அதைத் திருத்திவிடுங்கள். எழுத்துகளை மாற்ற வேண்டாம், பெட்டியின் மேல் ஏ, ஏபி, டி என்றுதான் அச்சிட்டிருக்கும். கிளாஸ் ஏ பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே அளவு மின்சாரம் குடிக்கும். ஏட்டளவிலேயே அதில் பாதிதான் ஸ்பீக்கருக்குப் போக முடியும், மீதி சூடு. சென்னையில் மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் அதை வைப்பவரின் ரசனையை மதிக்கிறேன், பின்பற்ற மாட்டேன். டி வகை 90 சதவீதத்தையும் தாண்டும், கையிலேயே தூக்கிக்கொண்டு போகலாம்.

கு., யாழ்ப்பாணம்

பார்த்தீர்களா, "90 சதவீதம்" என்ற இடத்தில் என்ன சொல் போடுவீர்கள்? திறன்தானே? திறன் பெருக்கியின் திறன் 90 சதவீதம். படிக்கிறவர் பாவம்.

செ., கோவை

பயனுறு திறன் என்று போடுகிறேன். தமிழ்நாட்டுப் பாடநூலில் அதுதான் இருக்கிறது.

கு., யாழ்ப்பாணம்

ஒரு சொல்லைத் தவறாக வைத்தால் அடுத்த சொல்லுக்கு முட்டுக் கொடுக்க வேண்டிவரும். சரி, அங்கே விற்கும் புத்தகம், உங்கள் விருப்பம். நான் வலு விரியலாக்கியை விடுவதாக இல்லை.

ம., சென்னை

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கடைக்கு வருகிறவர் முதலில் கேட்பது "எத்தனை வாட்". அது பாதிக் கேள்வி. ஒரே 1 வாட்டுக்கு 84 டெசிபெல் சத்தம் தரும் ஸ்பீக்கருக்கும் 104 டெசிபெல் தரும் ஹாரன் ஸ்பீக்கருக்கும் நடுவில் 20 டெசிபெல். ஹாரனுக்கு 1 வாட் போதும் என்றால் மற்றதற்கு 100 வாட் வேண்டும். 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபெல், காதுக்குக் கொஞ்சம்தான் தெரியும். போன மாசம் ஒருத்தர் இரண்டு லட்ச ரூபாய் கூடக் கொடுத்து அந்த 3 டெசிபெல்லை வாங்கிக்கொண்டு வந்தார். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். பெயர் என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும், அடைப்புக்குறிக்குள் பவர் ஆம்ப் என்று ஒரு தடவை போட்டுவிடுங்கள்.

செ., கோவை

எல்லோருக்கும் நன்றி. "திறன் பெருக்கி" என்று முடிவு செய்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் பவர் ஆம்ப்ளிஃபயர் என்று பக்கத்திலேயே இருக்கும். ஸ்பீக்கர், ஸ்பீக்கராகவே இருக்கும். ஒலிபெருக்கி என்ற சொல் கையேட்டில் எங்கும் வராது. கு. ஐயாவின் சொல்லை முன்னுரையில் ஒரு வரியில் குறிப்பிடுகிறேன். ப்ரீ ஆம்ப்ளிஃபயருக்கு "முன்பெருக்கி" போட்டிருக்கிறேன், அதை யாரும் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ந., தஞ்சாவூர்

முற்பெருக்கி அல்லவா? முற்பகல் என்கிறோமே. முன்பக்கம் என்றும் எழுதுகிறோம் என்பீர்கள். அதைத் தனி இழையில் பேசுவோம்.

திறன் பெருக்கியை மனமின்றி ஏற்கிறேன். உள்ளே எப்படியோ போகட்டும், அட்டையிலாவது திறற்பெருக்கி என்று றகரம் போட இயலுமா?

செ., கோவை

அட்டை நேற்றே அச்சுக்குப் போய்விட்டது ஐயா. அதில் "பவர் ஆம்ப் வாங்கப் போகிறீர்களா?" என்றுதான் இருக்கிறது.