எக்ஸிம் ஓட்டை (சிவிஇ-2019-10149): அப்டேட் போட்டும் சிபியு 100 சதவீதத்திலேயே நிக்குது

வரிசைஎண்
டெபியன் 9 லினக்ஸ், மெயிலைக் கையாள எக்ஸிம் சாஃப்ட்வேர். இந்த மெயில் சர்வர் இந்த வாரம்தான் என் பொறுப்புக்கு வந்தது, வந்ததுமே அப்டேட் போட்டேன். ரெண்டு சந்தேகம். 4.92-லதான் ஓட்டை இல்லைங்கறாங்க, ஆனா இங்க இன்னும் 4.89-னே காட்டுது. அடுத்து, டாப்ல (ஓடுற ப்ராசஸ்களைக் காட்டுற கமாண்ட்) சதுர அடைப்புக்குள்ள "கேத்ராட்ல்ட்ஸ்"னு ஒரு ப்ராசஸ் சிபியு மொத்தத்தையும் தின்னுது. கில் பண்ணினா கொஞ்ச நேரத்துல திரும்ப வந்து நிக்குது. குறிச்ச நேரத்துல தானா கமாண்டை ஓட்டுற கிரான் ஃபைலை அழிக்கப் போனா, எல்லா உரிமையும் உள்ள ரூட் அக்கவுண்ட்டுக்கே அனுமதி இல்லையாம்!

பழையடீமன்
முதல் சந்தேகம் சுலபம். டெபியன் பழைய பதிப்புலயே ஒட்டுப் போடும், எண்ணை மாத்தாது. பேக்கேஜ் பதிப்பைப் பாருங்க: 4.89-2+டெப்9யு4 அல்லது அதுக்கு மேல இருந்தா ஓட்டை அடைபட்டாச்சு.

சும்மாஒருத்தன்
ஃபைல்ல "ஐ" கொடி (மாத்தவோ அழிக்கவோ விடாத குறி) போட்டிருப்பான். சேட்டர் கமாண்டால அதை எடுத்துட்டு அழிங்க, முடிஞ்சது.

பழையடீமன்
முடியாது, ப்ரோ. இந்த ஓட்டையில வந்தவன் ரூட்டாகவே வந்திருப்பான். கண்ணுல பட்டது கிரான், படாதது எத்தனையோ.

வரிசைஎண், ரெண்டு விஷயம் பாருங்க. சதுர அடைப்புப் பேர் கெர்னல் த்ரெட்டுக்கு, அதாவது சிஸ்டத்தோட சொந்த வேலைக்கு வர்றது. நிஜமா அதுவா இருந்தா அதோட பேரன்ட் பிஐடி (அதைத் தொடங்கின ப்ராசஸோட எண்) 2. வேற எண் வந்தா அது வேஷம். அடுத்து எக்ஸிம் மெயின்லாக்ல (மெயில் பதிவேடு) பெறுநர் முகவரியைப் பாருங்க, டாலர் குறி, வளைந்த அடைப்பு, "ரன்" எல்லாம் சேர்ந்து வருதான்னு. முகவரிக்குள்ள கமாண்டை வெச்சு அனுப்புறதுதான் இந்தத் தாக்குதலே. டீஃபால்ட் கான்ஃபிக்ல வெளியிலிருந்து இதைச் செய்ய இணைப்பை 7 நாள் திறந்தே வெச்சிருக்கணும். பெறுநர் சரிபார்ப்பை யாராவது எடுத்திருந்தாலோ, பிளஸ் குறி முகவரிகளை அனுமதிச்சிருந்தாலோ அந்தக் காத்திருப்பே கிடையாது.

வரிசைஎண்
பேரன்ட் 1. லாக்ல நீங்க சொன்ன அதே முகவரி, ரூட்டோட எஸ்எஸ்ஹெச் (தூரத்துலேர்ந்து லாகின் பண்றது) சாவிப் பட்டியல்ல யாருன்னே தெரியாத ஒரு சாவி. சர்வரை நிறுத்தினா வர்ற மெயில் எல்லாம் போயிடும்னு ஆபீஸ்ல பதறுறாங்க.

பழையடீமன்
போகாது. மெயில் வாங்குற 25-ஆம் போர்ட் பதில் சொல்லலைன்னா அனுப்புற சர்வர் மெயிலை வரிசையில வெச்சு மறுபடி மறுபடி முயற்சி பண்ணும். குறைஞ்சது 4, 5 நாள் விடாம முயலணும்னு மெயில் பரிமாற்றத்துக்கான எஸ்எம்டிபி விதியே சொல்லுது. ஒரு நாள் நிறுத்தினா மெயில் தாமதமாகும், அவ்வளவுதான். ஆபீஸ்ல இதையே சொல்லுங்க.

நெட்வொர்க்கைத் துண்டிச்சு டிஸ்க்கை அப்படியே இமேஜ் எடுத்துக்கோங்க. புது சர்வர்ல சிஸ்டத்தைப் புதுசா ஏத்தி, மெயில்பெட்டியையும் ஏலியஸ் பட்டியலையும் (எந்த முகவரிக்கு வர்ற மெயில் எங்க போகணும்ங்கறது) மட்டும் கொண்டு போங்க. ஏலியஸை வரிவரியா படிங்க, பைப் குறியோட புரோகிராமை ஓட்டுற வரி ஒண்ணு இருந்தாலும் மறுபடி ஆரம்பத்துலேர்ந்துதான். கிரான், பைனரி (புரோகிராம் ஃபைல்), ரூட் ஹோம் எதையும் கொண்டு போகாதீங்க.

வரிசைஎண்
பாஸ்வேர்ட் எல்லாம் மாத்தணும், புரியுது. மெயில்ல டொமைன் பேர்ல கையெழுத்துப் போடுற டிகேஐஎம்?

பழையடீமன்
டிஎல்எஸ் (இணைப்பை மறைகுறியாக்குறது), டிகேஐஎம் ரெண்டுக்குமே புதுச் சாவி, பழைய சான்றிதழை ரத்து பண்ணிடுங்க. டிகேஐஎம்முக்குப் புது செலக்டர் (டிஎன்எஸ்ல சாவியோட பேர்) போட்டதும் பழையதோட டிஎன்எஸ் பதிவை எடுத்துடுங்க. விட்டு வெச்சா, திருடின சாவியால உங்க டொமைன் பேர்ல இன்னும் கையெழுத்துப் போடலாம். இந்த சர்வர்லேர்ந்து வேற மெஷினுக்கு எஸ்எஸ்ஹெச் போற சாவி ஏதாவது இருந்ததா? இருந்தா அங்கயும் இன்னிக்கே பாருங்க.