நாளுக்கு நூறு கலோரி: சிறு மாற்றங்களால் எடை குறையுமா?

பொருநைக்கரையான் எழுதியது:

எடைக் குறைப்பைப் பற்றி இங்கே தொடங்கப்படும் இழைகளில் பெரும்பாலானவை அரிசியை அடியோடு விலக்குவது, நாளுக்கு ஒரே வேளை உண்பது, மூன்று மாதத்தில் பதினைந்து கிலோ இறக்குவது என்ற வகையிலேயே அமைந்திருப்பதால், அவற்றுக்கு எதிரான நிலைப்பாடு ஒன்றை முன்வைக்க விரும்புகிறேன். எடையைக் குறைக்க நினைக்கும் ஒருவர் தம் உணவு முறையைத் தலைகீழாக மாற்ற வேண்டியதில்லை. சலிப்பில்லாமல் ஆண்டுக்கணக்கில் தொடரக்கூடிய இரண்டு மூன்று சிறிய மாற்றங்களே அவருக்குப் போதுமானவை என்பது என் வாதம்.

தேநீரையே எடுத்துக்கொள்வோம். ஒரு குவளைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி, அதாவது ஏறத்தாழ 10 கிராம், போட்டு நாளுக்கு மூன்று குவளை குடிப்பவர் தேநீர் வழியாக மட்டும் 30 கிராம் சீனியை, 120 கலோரியை, உட்கொள்கிறார். சேர்க்கப்படும் சீனி மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும், 5 விழுக்காட்டுக்குள், அதாவது ஏறத்தாழ 25 கிராமுக்குள், நின்றால் மேலும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. இனிப்புப் பண்டம் எதையும் தொடாத மனிதர்கூடத் தேநீராலேயே அந்த அளவைத் தாண்டிவிடுகிறார். ஒவ்வொரு மாதமும் அரைக் கரண்டி குறைத்துவந்தால் நாக்கு பழகிக்கொள்ளும். இரவு உணவுக்குப் பின் சிறிது நேரம் நடந்தால் இரத்தச் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்கும். ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம் என்பதால், நாளுக்கு 100 கலோரி குறைந்தாலே ஆண்டுக்கு நான்கரை கிலோவுக்கு மேல் இறங்க வேண்டும். இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

தராசுமுள் எழுதியது:

நண்பர் கடைசியில் போட்டிருக்கும் வகுத்தல் கணக்கு எடைக் குறைப்பு உலகில் மிக அதிகமாகத் திரும்பச் சொல்லப்படுவது. மிக அதிகமாக ஏமாற்றுவதும் அதுவே. அதன்படி பார்த்தால் தேநீரில் சீனியை விட்ட 85 கிலோ மனிதர் ஐந்தாண்டில் 23 கிலோ இழந்திருப்பார்; பதினைந்து ஆண்டில் 70 கிலோ இழந்து ஆளே இல்லாமல் போயிருப்பார். உண்மையில் உடல் இளைக்க இளைக்க அதன் அன்றாட ஆற்றல் செலவும் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் குறைந்த உணவுக்கும் குறைந்த செலவுக்கும் கணக்கு நேராகி, எடை அப்படியே நின்றுவிடுகிறது. அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனங்களைச் சேர்ந்த கெவின் ஹாலும் அவருடைய குழுவினரும் 2011-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட கணிப்பின்படி, நாளுக்கு 24 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால் இறுதியில் குறைவது ஒரு கிலோ. அதில் பாதி குறையவே ஏறத்தாழ ஓராண்டு ஆகும், முழுமையை நெருங்க மூன்றாண்டு ஆகும். நூறு கலோரிக்கு முதலாண்டில் இரண்டு கிலோ, மொத்தத்தில் நான்கு கிலோ, அத்துடன் முடிந்தது. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் 2013-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை உடல்பருமன் பற்றிய கட்டுக்கதைகளைத் தொகுத்தபோது, சிறு மாற்றங்கள் காலப்போக்கில் பெரும் எடைக் குறைவாகத் திரளும் என்பதை அந்தத் தொகுப்பில் சேர்த்திருந்தது.

மெதுவாகக் குறைத்தால்தான் நிலைக்கும் என்பதும் அதே தொகுப்பில் உண்டு. 2014-இல் வெளியான மெல்பர்ன் ஆய்வில் உடல்பருமன் உள்ள 200 பேரில் ஒரு பாதியினர் 12 வாரத்திலும் மற்றப் பாதியினர் 36 வாரத்திலும் எடை குறைக்க முயன்றனர். தம் எடையில் 12.5 விழுக்காடு குறைப்பது இலக்கு. வேகமாகக் குறைத்தவர்களில் 81 விழுக்காட்டினர் அதை எட்டினர். மெதுவாகக் குறைத்தவர்களில் 50 விழுக்காட்டினரே எட்டினர். அதன்பின் ஏறத்தாழ மூன்றாண்டில், இலக்கை எட்டிய இரு பிரிவினரும் இழந்ததில் ஏறத்தாழ 71 விழுக்காட்டைத் திரும்பப் பெற்றனர். ஆகவே மெதுவாகப் போவதற்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை.

நடையைப் பற்றியும் ஒரு சொல். 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்து கூடுதலாகச் செலவழிப்பது நூறு கலோரியைச் சுற்றித்தான். வீடு திரும்பும் வழியில் கடையில் நின்று ஒரு மெதுவடை தின்றால் கணக்கு முடிந்துவிடும்.

பொருநைக்கரையான் எழுதியது:

பதினைந்தாண்டுக் கணக்கை நான் போடவில்லை, நீங்கள்தான் போட்டீர்கள். எடை ஒரு கட்டத்தில் நின்றுவிடும் என்பது சிறு மாற்றங்களுக்கு மட்டும் உரிய குறையும் அன்று. கடும் உணவுமுறைகளுக்கும் அதே விதிதான். நீங்கள் காட்டிய மெல்பர்ன் ஆய்வைச் சற்று ஊன்றிப் பார்த்தால், அங்கே 'மெதுவான' பிரிவினரும் நாளுக்கு 400 முதல் 500 கலோரி குறைத்தவர்கள் என்பது தெரியும். அதுவும் ஒரு முழு உணவுக் கட்டுப்பாடே. ஒரு கட்டுப்பாட்டை இன்னொரு கட்டுப்பாட்டோடு ஒப்பிட்டு, இரண்டும் தோற்றதைக் காட்டி, கட்டுப்பாடே வேண்டாம் என்பவரை அதைக் கொண்டு மறுப்பது எப்படிப் பொருந்தும்?

நம் ஊருக்கு நெருக்கமான சான்றுக்கு வருகிறேன். மருத்துவர் அம்பாடி ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் பங்கேற்றனர். அவர்களுக்குச் சொல்லப்பட்டவை எளியவை: நாளுக்கு அரை மணி நேர நடை, சர்க்கரையையும் தீட்டிய தானியங்களையும் கொழுப்பையும் குறைத்தல், நார்ச்சத்தைக் கூட்டுதல். மூன்றாண்டில் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவாளர்களாயினர். மாற்றங்களைக் கைக்கொண்டவர்களில் அது 39.3 விழுக்காடாக இருந்தது. மெட்பார்மின் என்ற நீரிழிவு மாத்திரை பெற்ற பிரிவில் 40.5 விழுக்காடு. மாத்திரை செய்த வேலையை நடையும் தட்டும் செய்திருக்கின்றன.

தராசுமுள் எழுதியது:

அருமையான ஆய்வு. ஆனால் அதில் வாழ்முறைப் பிரிவினரின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? இந்த இழை எடையைப் பற்றியது. சிறு மாற்றங்கள் நீரிழிவைத் தள்ளிப்போடும் என்று நீங்கள் எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

பொருநைக்கரையான் எழுதியது:

விட்டுவிடவில்லை, அடுத்து அதற்குத்தான் வருவதாக இருந்தேன். தராசு அசையாதபோதே உடலுக்குள் இவ்வளவு நன்மை நடக்குமானால், எடை இயந்திரத்தின் மேல் நின்று ஏமாந்துபோய் எல்லாவற்றையும் கைவிடுவதுதான் மிகப் பெரிய இழப்பு என்பேன்.

அஞ்சறைப்பெட்டி எழுதியது:

இரண்டு ஐயாமார்களும் எடை குறைப்பவரே தம் தட்டைத் தீர்மானிக்கிறார் என்ற எண்ணத்தில் பேசிக்கொண்டிருப்பதால் குறுக்கிடுகிறேன். வீட்டில் ஒருவருக்கு ஓர் உணவுமுறை என்றால் அடுப்பில் இன்னொரு பாத்திரம் ஏறுகிறது என்பதே பொருள். அதை ஏற்றுகிறவர் பெரும்பாலும் ஒரே ஆள்தான். ஆறு வாரத்தில் அது நின்றுபோவதற்கு எடை குறைப்பவரின் மன உறுதிக் குறைவைக் காரணமாகச் சொல்கிறார்கள். சமைப்பவரின் களைப்பை யாரும் சொல்வதில்லை.

எனவே வீடு முழுவதற்கும் பொருந்துகிற மாற்றங்களே நிற்கும் என்பது என் அனுபவம். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் செலவானால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 கிராம், அதாவது 270 கலோரி. அதை மூன்று லிட்டராக்கினால் யாரும் தனியாகப் பட்டினி கிடக்காமல் ஆளுக்கு எழுபது கலோரி போல் குறைகிறது. அதற்குச் செய்ய வேண்டியது, மாதத் தொடக்கத்தில் மூன்று பாக்கெட் மட்டும் வாங்கி வைப்பதும், பாட்டிலிலிருந்து நேராக வாணலியில் ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுவதும்தான். பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதும் தானாகவே நின்றுவிடும், ஏனெனில் பொரிப்பதே குறைந்துவிடும்.

பரிமாறும் முறையிலும் ஒன்று உண்டு. முதலில் சோற்றை மலையாகக் குவித்துவிட்டு ஓரத்தில் பொரியலை வைத்தால், பொரியல் தொட்டுக்கொள்ளும் அளவிலேயே நின்றுவிடும். கூட்டையும் பொரியலையும் தட்டில் பாதிக்கு வைத்துவிட்டு மீதியிடத்தில் சோறு போட்டால், இரண்டாம் முறை சோறு கேட்பவர் குறைவு. காய் விலை ஏறும் மாதங்களில் இது எளிதன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது முருங்கைக்கீரையும் முட்டைக்கோசும் பயறுமே கைகொடுக்கின்றன. இன்னொன்று, வீணாகக் கூடாதென்று பாத்திரத்தில் மீந்ததை நின்றபடியே தின்று முடிக்கும் பழக்கம். எந்த உணவுக் குறிப்பேட்டிலும் ஏறாத சோறு அது.

கீரைப்பாத்தி எழுதியது:

உணவியல் ஆலோசகராகப் பணிபுரிகிறேன் என்பதால் சற்று நீளமாகவே எழுத அனுமதியுங்கள். இந்த விவாதத்தில் 'சிறிய' என்பது இரண்டு வெவ்வேறு பொருளில் புழங்குகிறது. செய்வதற்குச் சிறிய முயற்சி என்பது ஒன்று, கலோரியில் சிறிய விளைவு என்பது மற்றொன்று. காலையில் வெந்நீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து குடிப்பதும் சிறு மாற்றம்தான், மதியம் 400 கிராம் சோறு உண்பவர் 250 கிராமோடு நிறுத்துவதும் சிறு மாற்றம்தான். முதலாவதால் குறைவது எதுவுமில்லை. இரண்டாவதால், வெந்த சோற்றில் நூறு கிராமுக்கு 130 கலோரி என்ற கணக்கில், ஏறத்தாழ 200 கலோரி குறைகிறது. என்னிடம் வருபவர்களில் பலர் எலுமிச்சம்பழத்தையும் பச்சைத் தேநீரையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, சோற்றின் அளவையும் மாலை மிக்சரையும் தொடாமல் விட்டிருப்பார்கள். இந்தியர்களின் உணவாற்றலில் 60 விழுக்காட்டுக்கு மேல் மாவுச்சத்திலிருந்து வருவதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. மாற்றம் அங்கே கை வைக்காவிட்டால் பயனில்லை. குறைத்த சோற்றின் இடத்தில் சுண்டலோ முட்டையோ மீனோ தயிரோ வர வேண்டும். இல்லாவிட்டால் நாலரை மணிக்குப் பசி வந்து பிஸ்கட் பொட்டலம் திறக்கும்.

நம்மவர்களுக்கு எடை எண்ணைவிட இடுப்பளவு முக்கியம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடல்நிறை எண் (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 23 ஆகும்போதே நமக்கு மிகை எடையாகக் கருதுகிறோம்; ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் இடுப்பின் எல்லை. கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய ஒருவர் எடை இயந்திரத்தில் தேறிவிடுவார், நாடாவில் தேற மாட்டார்.

ஓர் எச்சரிக்கை. இன்சுலினோ கிளிமெப்பிரைடு போன்ற நீரிழிவு மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் சோற்றைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். மிக வேகமான எடை இழப்பில் பித்தப்பைக் கல்லும் தசை இழப்பும் நேரலாம்.

மொட்டைமாடி எழுதியது:

எடையைக் குறைக்க வாரம் ஒரு செமாகுளூடைடு ஊசியே வந்துவிட்ட பின் இவ்வளவு கணக்கு எதற்கு?

கீரைப்பாத்தி எழுதியது:

அதன் முதன்மை ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 விழுக்காடு எடை குறைந்தது. ஊசியை நிறுத்திய ஓராண்டில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. தேவைப்படுவோருக்கு நல்ல மருந்து. தட்டைப் பற்றிய பேச்சை அது முடித்துவைக்கவில்லை.

தராசுமுள் எழுதியது:

கீரைப்பாத்தி அம்மா சொல்லும் பிரிவினையோடு எனக்கு முரண் இல்லை. நாளுக்கு 200, 300 கலோரி என்றால் அதைச் சிறு மாற்றம் என்று அழைப்பதில்தான் தயக்கம். ஆனால் ஒரு குறிப்பிட்ட நோயாளியைப் பற்றி நீங்கள் யாரும் பேசவில்லை. அண்மையில் நீரிழிவு கண்டறியப்பட்டு, உடல்நிறை எண் 30-ஐத் தாண்டியவர் அவர். பிரிட்டனில் நடந்து 2018-இல் வெளியான டைரக்ட் ஆய்வில், நீரிழிவு வந்து ஆறாண்டுக்குள் இருந்தவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை வழக்கமான உணவுக்குப் பதில் பொடி உணவாக நாளுக்கு 825 முதல் 853 கலோரி மட்டும் தரப்பட்டது. ஓராண்டு முடிவில் 46 விழுக்காட்டினருக்கு மருந்தின்றியே நீரிழிவு தணிந்தது. ஒப்பீட்டுப் பிரிவில் அது 4 விழுக்காடு. பதினைந்து கிலோ அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களில் 86 விழுக்காட்டினருக்குத் தணிந்தது. இந்த மனிதரிடம் தேநீர்ச் சீனியைப் பற்றிப் பேசுவது அவருடைய நல்ல ஆண்டுகளை வீணடிப்பதாகும்.

பொருநைக்கரையான் எழுதியது:

இரண்டாம் ஆண்டில் அந்த 46, 36 ஆனது. அங்கேயும் நிலைத்தவர்கள் எடை திரும்பாமல் பார்த்துக்கொண்டவர்கள்தான். பொடி உணவு முடிந்த மறுநாள் அவர் முன் இருக்கப்போவது அதே சோறும் அதே தேநீரும் அல்லவா? அமெரிக்காவில் நீரிழிவுள்ள 5,145 பேரைத் தொடர்ந்த லுக் அஹெட் ஆய்வில், தீவிர வாழ்முறைப் பிரிவினரில் பாதிப் பேர் எட்டாண்டுக்குப் பின்னும் 5 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட எடைக் குறைவைத் தக்கவைத்திருந்தனர். எட்டாண்டு என்பது யாரும் பட்டினியால் கடக்கக்கூடிய காலமன்று.

தராசுமுள் எழுதியது:

அவர்களை ஆலோசகர்கள் எட்டாண்டும் தொடர்ந்து சந்தித்துக்கொண்டிருந்தனர். அதைத் தனியொருவரின் சிறு பழக்கம் என்று கணக்கில் எழுத முடியாது. நம் ஊரில் மருத்துவரைப் பார்க்கும் மூன்று நிமிடத்தில் "எடையைக் குறையுங்கள்" என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் கிடைப்பதில்லை.

கீரைப்பாத்தி எழுதியது:

அதனால்தான் என்னிடம் வருபவர்களுக்கு ஒரு காலவரம்பு வைக்கிறேன். மாவுச்சத்திலும் எண்ணெயிலும் இரண்டு மாற்றம், நாளுக்கு அரை மணி நடை, வாரம் இரண்டு முறை தசைக்கு வேலை, மூன்று மாதம். இடுப்பளவோ இரத்தச் சர்க்கரையோ அசைந்தால் அதையே தொடரலாம். இரண்டும் அசையாவிட்டால் அடுத்த படிக்கு, தேவையானால் தராசுமுள் சொல்லும் கடுமையான முறைக்கு, மருத்துவர் துணையோடு போக வேண்டும். சிறு மாற்றம் என்ற பெயரில் ஐந்தாண்டு காத்திருக்கச் சொல்ல நான் தயாராக இல்லை.

தராசுமுள் எழுதியது:

வரம்பை ஏற்கிறேன். நான் சொன்ன அந்த நோயாளிக்கு மட்டும் முதல் நாளிலேயே இரண்டு வழிகளையும் சொல்லி, எதை எடுப்பதென்று அவரே முடிவு செய்யட்டும் என்பேன்.

அஞ்சறைப்பெட்டி எழுதியது:

சொல்லும்போது அந்தப் பொடியின் மாதச் செலவையும் சேர்த்து, அது முடிந்தபின் அவருக்குச் சமைக்கப்போகிறவரையும் அருகே உட்காரவைத்துச் சொல்லுங்கள்.