பாக்குலா பேக்கப் மென்பொருளில் பழைய டேப் ரீசைக்கிள் (மறுபயன்பாடு) ஆக மாட்டேன் என்கிறது, அவசரம்

கோபி_சர்வர்:
வணக்கம். இன்று ராத்திரி மாதாந்திர ஃபுல் பேக்கப் ஓட வேண்டும். ஜாப் புது டேப் கேட்டு நிற்கிறது. ரிடென்ஷனை, அதாவது டேப்பில் உள்ளதை அழிக்காமல் வைக்கும் காலத்தை, 30 நாள் ஆக்கிப் பல வாரம் ஆகிவிட்டது, ஒரு டேப்கூடத் திரும்பவில்லை. யாராவது சொல்லுங்களேன்.

வேலு:
எந்த வெர்ஷன்? டேப்பெல்லாம் சேஞ்சரிலா (தானாக டேப் மாற்றும் கருவி), அலமாரியிலா? பிகான்சோலில் (பாக்குலாவின் கட்டளைத் திரை) 'லிஸ்ட் மீடியா' கொடுத்து வருவதை இங்கே ஒட்டுங்கள்.

தயாளன்:
ஸ்லாட் (சேஞ்சரில் டேப் இருக்கும் இடம்) பிரச்சினைதான், சந்தேகமே வேண்டாம். 'அப்டேட் ஸ்லாட்ஸ்' அடியுங்கள்.

பழையகை:
கையேட்டில் ரீசைக்கிளிங்குக்கு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வந்து கேட்டால் பதில் சொல்கிறவர்களுக்கும் நேரம் மிச்சம்.

கோபி_சர்வர்:
எல்டிஓ-6 வகை டேப், எல்லாம் சேஞ்சருக்குள்ளேதான். ஸ்லாட்ஸ் அடித்தேன், மாற்றம் இல்லை. ஒரு டேப்பின் வரி: நிலை ஃபுல் (டேப் நிரம்பிவிட்டது), ரீசைக்கிள் 1, இன்சேஞ்சர் 1, வால்ரிடென்ஷன் 31,536,000.

வேலு:
கிடைத்துவிட்டது. அந்த வால்ரிடென்ஷன் எண் விநாடிக் கணக்கு, அதாவது 365 நாள். 30 நாள் என்றால் 2,592,000 என்று இருக்க வேண்டும். டேப்புக்கு லேபிள் போடும்போது பூலில் (டேப் தொகுப்பு) என்ன ரிடென்ஷன் இருந்ததோ அதுதான் டேப்பின் கேட்டலாக் (பாக்குலாவின் தரவுத்தளம்) பதிவில் ஏறும். பிறகு கான்ஃபிக்கை மாற்றினால் புது டேப்புக்கு மட்டும்தான். ரீலோட் கொடுத்துவிட்டு 'அப்டேட்' மெனுவில் முதலில் பூல் ஃப்ரம் ரிசோர்ஸ், அப்புறம் வால்யூம் பாராமீட்டர்ஸுக்குள் ஆல் வால்யூம்ஸ் ஃப்ரம் பூல்.

முத்து_லினக்ஸ்:
இவ்வளவு சுற்று எதற்கு? 'பர்ஜ்' (டேப்பின் பதிவுகளைக் கேட்டலாக்கிலிருந்து நீக்கும் கட்டளை) கொடுங்கள், வேலை முடிந்தது.

வேலு:
தயவுசெய்து வேண்டாம். பர்ஜ் ரிடென்ஷனைப் பார்க்கவே பார்க்காது. டேப் எண் ஒன்று மாறினாலும் போன வார பேக்கப்பின் பதிவுகள் போய்விடும்.

முத்து_லினக்ஸ்:
டேட்டா டேப்பில்தானே இருக்கிறது? பிஸ்கேன் (டேப்பைப் படித்துப் பதிவுகளைத் திரும்ப உருவாக்கும் கருவி) போட்டு மீட்டுக்கொள்ளலாம்.

வேலு:
இன்று ராத்திரி ஜாப் அதன்மேல் எழுதிய பிறகு எதை ஸ்கேன் செய்வீர்கள்?

பழையகை:
பர்ஜ் இருக்கட்டும், 30 நாளே தவறு. மாதாந்திர ஃபுல் என்கிறார். டேப்பில் கடைசியாக எழுதிய நேரத்திலிருந்துதான் கணக்கு. 31 நாள் மாதத்தில் அடுத்த ஃபுல் தொடங்கும்போதே போன மாத டேப் காலாவதி ஆகியிருக்கும். அதன்மேலேயே எழுத ஆரம்பித்து ஜாப் பாதியில் நின்றால் கையில் ஒரு ஃபுல்லும் இருக்காது.

தயாளன்:
டேப் பற்றாக்குறை உள்ளவர் வேறு என்ன செய்வார்? எல்லோரிடமும் பட்ஜெட் இருக்கிறதா?

பழையகை:
அப்படியானால் டிஃபரென்ஷியலை (கடைசி ஃபுல்லுக்குப் பிறகு மாறியதை மட்டும் எடுக்கும் பேக்கப்) குறையுங்கள். இரண்டு ஃபுல்லாவது எப்போதும் கையில் இருந்தே ஆக வேண்டும், 65 நாளாவது வையுங்கள்.

கோபி_சர்வர்:
அப்டேட் போட்டதும் டேப்பை எடுத்துக்கொண்டது. ஜாப் ஓடுகிறது. நன்றி வேலு சார்.

வேலு:
நல்லது. 30 நாளை மாற்றினீர்களா?

பழையகை:
கோபி, அதற்குப் பதில் சொல்லுங்கள்.