புதுப்பிப்பு: பள்ளி ஃபயர் அலாரம் பேனலில் அணையாத மஞ்சள் விளக்கு

எங்கள் பள்ளி அலாரம் பேனலில் 'ஃபால்ட்' (கோளாறு) விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, பஸ்ஸரையும் யாரோ சைலன்ஸ் செய்து வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தேன். காரணம் பேட்டரிதான். டெக்னீஷியன் மெயின்ஸை நிறுத்தியதும் பேனலே அணைந்துவிட்டது. உள்ளே இருந்த இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளும் பக்கவாட்டில் உப்பிப்போயிருந்தன. கரண்ட் இல்லாத நேரத்தில் தீப்பிடித்திருந்தால் ஒரு ஹூட்டர்கூட ஒலித்திருக்காது, நினைத்தாலே பதறுகிறது.

புது பேட்டரி போட்டாச்சு. அப்புறம் ஸ்மோக் டிடெக்டர்களுக்கு டெஸ்ட் ஸ்ப்ரே அடித்துப் பார்த்தோம். லேப் பக்கம் ஒன்று மட்டும் வேலை செய்யவில்லை. ஏணி போட்டுப் பார்த்தால், பெயின்ட் வேலையின்போது மாட்டிய பிளாஸ்டிக் மூடி அப்படியே இருக்கிறது!

இனி வாரம் ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் வேறொரு கால் பாயின்ட்டை (தீ கண்டால் அழுத்தி அலாரம் அடிக்கச் சுவரில் இருக்கும் பெட்டி) இயக்கிப் பார்த்து லாக் புத்தகத்தில் எழுதப்போகிறோம். கடைசி வகுப்பறை வரை சத்தம் கேட்கிறதா என்பதையும் சேர்த்துத்தான்.