மல்கோவா வேடத்தில் 42 கிலோமீட்டர்: கூட்டை எப்படிக் கட்டுவது?

கொலுசுப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:
வணக்கம். சேலத்திலிருந்து எழுதுகிறேன். வரும் ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஓடப்போவது மாம்பழ வேடத்தில்.

என் தங்கை மகளுக்கு ஆறு வயது. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்ற ஏற்ற உடம்பில் இரும்பு தேங்குகிறது. அதை வெளியேற்ற நாள் தவறாமல் மாத்திரை. எங்களால் சமாளிக்க முடிகிறது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் பையனின் அப்பா தறி ஓட்டுகிறவர். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தாரமங்கலத்திலிருந்து வருகிறார். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மருந்து வாங்கித் தரும் ஒரு சிறிய அறக்கட்டளைக்குத்தான் ஓடித் திரட்டும் பணம்.

வேடம் எதற்கு என்று வீட்டில் கோபித்துக்கொள்கிறார்கள். போன வருடம் சாதாரண உடையில் ஓடி நன்கொடை கேட்டேன். 4,300 ரூபாய் வந்தது. சென்ற மாதம் வேடத்தோடு கோரிமேட்டிலிருந்து அடிவாரம் வரை ஒத்திகை ஓடினேன். டீக்கடையில் நின்றவர்களே கூப்பிட்டு விவரம் கேட்டு 1,850 ரூபாய் கொடுத்தார்கள்.

கூடுதான் சிக்கல். மூங்கில் பிளாச்சில் கட்டி உள்ளே ஸ்பாஞ்சு வைத்தேன். 3 கிலோ 400 கிராம். இன்னொரு நாள் ஏற்காடு மலைப்பாதையில் ஐந்தாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டுவதற்குள் தலை சுற்றியது. இறக்கத்தில் பழத்தின் வயிறு மறைத்து என் பாதமே தெரியவில்லை. பெங்களூரா மாம்பழம்போல் நீளமாகச் செய்தால் சுலபம் என்கிறான் தம்பி. பாப்பா கேட்டது மல்கோவா. மாற்ற மனம் வரவில்லை.

ஒப்பனை வீடு, குகை:
தம்பி, ஆடியில் குகை மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கைக்கு (வேடமிட்டவர்கள் வண்டியில் நின்று வரும் ஊர்வலம்) எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வேடம் கட்டுகிறோம். முதலில் அந்த ஸ்பாஞ்சை எடுத்துவிடுங்கள். வண்டியில் அசையாமல் நிற்பவருக்கே கனத்த வேடத்தில் வியர்த்துக் கொட்டும். மெல்லிய பிரம்பில் மூன்று வளையம், மேலே மஞ்சள் வலைத்துணி, போதும். காற்று உள்ளே புகுந்து வெளியே போக வேண்டும். முன்பக்கத்தின் கீழ்ப்பாதியைத் தட்டையாக்கிவிட்டு உருண்டையைப் பக்கவாட்டிலும் முதுகிலும் காட்டுங்கள். பார்ப்பவர் கண்ணுக்கு மல்கோவாவாகவே இருக்கும், உங்களுக்குப் பாதம் தெரியும். பொய்க்கால் குதிரைக் கூட்டைத் தோளில் மாட்டுவார்கள், அது ஆட்டத்துக்கு. மணிக்கணக்கில் ஓடுகிறவருக்கு எடை இடுப்பில் உட்கார வேண்டும்; அகலமான பெல்ட் வைத்துத் தைக்கலாம்.

வீட்டாரிடம் ஒன்று சொல்லுங்கள். குலசேகரப்பட்டினத்தில் தசராவுக்கு வேடம் போட்டு ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி முத்தாரம்மனுக்குச் செலுத்துகிறார்கள். வேடம் கட்டிக் கேட்பது நம் பக்கத்தில் இழிவான காரியம் இல்லை. கூட்டோடு வீட்டுக்கு வாருங்கள், கூலி வேண்டாம்.

அதிகாலை ஓட்டம், அஸ்தம்பட்டி:
அண்ணா, தலை சுற்றியதைச் சாதாரணமாக விடாதீர்கள். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சென்னையின் கடற்கரை ஈரக்காற்றில் நம் ஊரில் காய்வதுபோல் காயாது, கூட்டுக்குள் இன்னும் மோசம். பேச்சு குழறினாலோ உடம்பு சிலிர்த்தாலோ அங்கேயே நின்றுவிடுங்கள். எத்தனையாவது கிலோமீட்டர் என்று பார்க்க வேண்டாம். பெல்ட்டுக்கு ஒரே இழுப்பில் கழலும் கொக்கி கட்டாயம். வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும், உப்பும் சேரட்டும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் வாசலின் தடவுங்கள். வேடத்துக்கு அனுமதி உண்டா என்று நடத்துபவர்களிடம் இப்போதே கேளுங்கள்.

நேரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். லாயிட் ஸ்காட் என்பவர் 2002இல் லண்டன் மாரத்தானை ஏறத்தாழ 59 கிலோ எடையுள்ள ஆழ்கடல் முக்குளிப்பு உடையில் முடித்தார். ஐந்து நாளுக்கு மேல் ஆயிற்று. அவரே ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்.

கணக்கர், சூரமங்கலம்:
பணம் உங்கள் கணக்குக்கு வர வேண்டாம். அறக்கட்டளையின் கியூஆர் குறியீட்டையே பழத்தின் முதுகில் ஒட்டுங்கள். அவர்களுக்கு 80ஜி பதிவு (நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்க உதவுவது) இருக்கிறதா என்று பாருங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு அந்த வரிச் சலுகை கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் கிடையாது. ஏமாற்றம் வராமல் முன்பே சொல்லிவிடுங்கள்.

கொலுசுப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:
அக்கா, ஞாயிறு காலை வருகிறேன். அந்தப் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, அலமாரியிலிருந்து மஞ்சள் புடவை ஒன்றை எடுத்து வைத்துவிட்டுப் போனார். வலைத்துணியின் ஓரத்துக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

தம்பி, கொக்கி வைத்துவிடுகிறேன். நிற்க வேண்டி வந்தால் நிற்பேன்.

காம்போடு ஒட்டும் இலையைப் பாப்பா வெட்டித் தருகிறாளாம். வியாழக்கிழமை ரத்தம் ஏற்றும் நாள். பச்சைத் தாளும் கத்தரிக்கோலும் இப்போதே அவள் பையில் இருக்கின்றன.